ஏழு சுற்று ஓலை

சித்தியின் கை நடுங்குவதை நான் முதன்முதலில் கவனித்தது ஒரு தேத்தண்ணிக் கோப்பையில்தான். கோப்பையை வாங்கி மேசையில் வைக்கும்வரை அது சாசரில் தட்டிக்கொண்டே இருந்தது. "பிரஷர் கூடிப்போச்சு பிள்ளை" என்றார். நான் நம்பினேன். வீட்டில் எல்லாரும் நம்பினோம். நம்ப விரும்பினோம் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஆம்பிளையள் குடித்தால் ஊருக்கே தெரியும். வேலியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், ஒழுங்கையில் விழுந்து கிடப்பார்கள், பிறகு ஆராவது தூக்கிக்கொண்டுவந்து வீட்டில் விடுவார்கள். ஒரு பெண் குடித்தால் குசினிக்குள்ளேயே குடித்து, அங்கேயே வாய் கொப்பளித்து, சோறும் வடித்து இறக்கிவிட்டுத்தான் வெளியே வருவாள்.

இதை எழுதலாமா என்று சித்தியிடம் கேட்டேன். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எழுது. என்ர பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். மிச்சத்தை உள்ளபடி எழுது. உன்ர பிழையையும் சேர்த்து எழுது" என்றார். அந்தக் கடைசி வசனத்துக்கு நான் பிறகு வருகிறேன்.

எப்படித் தொடங்கியது என்பது பெரிய கதையில்லை. 2009க்குப் பிறகு நித்திரை இல்லை. சித்தப்பா இல்லை. அவர் வைத்துவிட்டுப்போன சாராயப் போத்தல் ஒன்று அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. ஒரு இரவு ஒரு மூடி, நல்ல நித்திரை. அவ்வளவுதான். போத்தல் முடிந்தபிறகு ஒழுங்கையால் போகிற பெடியன் ஒருவன் வாங்கிக்கொண்டுவந்து கொடுத்தான், தன்னுடைய பங்கையும் எடுத்துக்கொண்டு. பெண் கடைக்குப் போய் வாங்குவதை இங்கே ஆரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. சட்டமும் அப்படித்தான் நினைத்திருந்தது. பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்று 1979இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை இல்லாமல் செய்தார். அந்த வாரம் முகநூலில் பெரிய சண்டை நடந்தது. பெண்ணுரிமை என்று ஒரு பக்கம், கலாசாரம் என்று ஒரு பக்கம். நானும் எழுதினேன், நல்லாகத்தான் எழுதினேன். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருக்கிற பெண் எங்கே போய் உதவி கேட்பாள் என்று இரண்டு பக்கத்திலும் ஒருத்தரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. சித்தி அப்போது எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளித்தான் இருந்தார்.

தெரியவந்த நாளில் அம்மா செய்தது, போத்தலைக் கிணற்றடியில் போட்டு உடைத்துவிட்டுச் சித்தியை அறைக்குள் வைத்துப் பூட்டியது. ரெண்டாம் நாள் சித்திக்கு வலிப்பு வந்தது. இதை வாசிக்கிறவர்களில் ஆருக்காவது தேவைப்படலாம் என்பதால் மட்டும் சொல்கிறேன்: கனகாலம் ஒவ்வொரு நாளும் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அது மன உறுதியால் கடக்கிற விசயமில்லை, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கவேண்டிய விசயம். ஆரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கம் இருக்கிறது. எங்களுக்கு அப்போது அதுவும் தெரியாது. அம்மா இன்றைக்கும் அந்த அறைக் கதவைப் பற்றிக் கதைக்கமாட்டார். சித்தியுடன் கதைப்பதையும் அன்றோடு விட்டுவிட்டார்.

வாட்டில் விற்றமின் ஊசியும் மருந்துமாகச் சில நாள் போனபிறகு சித்தியைப் பின்னேரங்களில் ஒரு மேசைக்குக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினார்கள். கடதாசிப்பூ செய்கிற மேசை. சிவப்புக் கடதாசி, பச்சைக் கடதாசி, பசை, மணி கோக்கிற நூல். கத்தியும் கத்தரிக்கோலும் வாட்டுக்குள் வரக்கூடாது, அது நியாயம்தான், ஆகவே கையால் கிழித்து ஒட்டக்கூடியதைத்தான் கொடுக்கமுடியும். சித்தி ஒரு பூவும் செய்யவில்லை. "ஐம்பது வயசில என்னை நேர்சரியில விட்டிட்டாங்கள்" என்றார். வந்து ஒரு கிழமைக்குப் பிறகு அவர் வாயால் கேட்ட முதலாவது பகிடி அது. ஆனால் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா நாளுக்கு இருபது பூ செய்தாராம். செய்து முடித்துத் தாதிமாரின் மேசை, மருந்து வண்டி, ஜன்னல் கம்பி எல்லாம் கட்டித் தொங்கவிட்டாராம். ஒருத்தருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது என்று அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்தபிறகு நான் ஒரு நிறப்புத்தகமும் கலர்ப் பென்சிலும் வாங்கிக் கொடுத்தேன். பெரியாக்களுக்கான நிறப்புத்தகம், மண்டலா வடிவங்கள், மனசை அமைதிப்படுத்தும் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. அது இப்போதும் மேசை லாச்சியில் கிடக்கிறது. ஒரு பக்கத்தில் அரைவாசி நீலம்.

மாறியது சனிக்கிழமைக் குழுவில்தான். ஆஸ்பத்திரியில் சந்தித்த உளவளத்துணையாளர் ஒருவர் ஒரு முன்பள்ளிக் கட்டடத்தைக் கேட்டெடுத்து, பெண்களுக்கு மட்டும் ஒரு கூட்டம் நடத்திவந்தார். எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஏழு பேர். சாராயம், நித்திரைக் குளிசை, ஐஸ், எல்லாம் கலந்த ஏழு பேர். முன்பள்ளிக் கதிரை என்றபடியால் ஆளுக்கொரு குட்டிக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட இருப்பார்கள். நான் ஸ்கூட்டியில் சித்தியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் இருப்பேன். உள்ளே சத்தமே வராது. மிஸ்ஸின் குரல் மட்டும் இடைக்கிடை வரும். வட்டமாக இருத்தி "கதையுங்கோ" என்றால் எங்கட பெண்டுகள் கதைப்பினமா? ஒருத்தியின் முகத்தை ஒருத்தி பார்க்கிறபோது ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். 1935இல் அமெரிக்காவில் தொடங்கி உலகமெல்லாம் போன மதுப் பழக்கர் குழுக்களின் முறை அது. எழும்பி நின்று பேரைச் சொல்லித் தன் கதையைச் சொல்லவேண்டும். அதைத் தொடங்கிய இரண்டு பேரும் ஆம்பிளைகள். எழும்பி நின்று சொல்வதால் எவ்வளவோ பேர் தப்பியிருக்கிறார்கள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இங்கே எழும்பி நின்று சொல்கிற பெண்ணுக்கு அடுத்த நாள் சந்தைக்குப் போகவேண்டும்.

ஒரு சனிக்கிழமை கட்டடத்துக்குப் பின்னால் ஆரோ பனை ஒன்றில் ஓலை வெட்டிப் போட்டிருந்தார்கள். மிஸ்ஸுக்கு ஒரு யோசனையும் இருக்கவில்லை என்று அவரே பிறகு சொன்னார். சித்திதான் எழும்பிப் போய் ஒரு குருத்தை இழுத்துக்கொண்டுவந்து, "இதைக் காய விட்டால் பெட்டி இழைக்கலாம். என்ர அம்மா இழைக்கிறவ" என்றாராம். "என்ர அம்மாவும்" என்று இன்னொருவர். அடுத்த கிழமை நாலு பேர் வீட்டிலிருந்து ஓலையும் சத்தகமும் கொண்டுவந்தார்கள். சத்தகம் என்பது ஓலை வாருகிற சின்னக் கத்தி, நுனி கொஞ்சம் வளைந்திருக்கும், சவர அலகைப்போல வெட்டும். மிஸ் அதை எண்ணி மேசையில் வைப்பார், போகும்போது எண்ணி எடுப்பார். ஒரு மாதத்துக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். அதை அந்த ஏழு பேரும் கவனித்தார்கள். சித்தி வீட்டுக்கு வந்து எனக்கு அதைத்தான் முதலில் சொன்னார்: "இண்டைக்கு மிஸ் சத்தகம் எண்ணேல்லை."

ஓலை வார ஆள் காணாது என்று என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். கூட்டத்தின் முதல் பாதிக்கு நான் வெளியே, இழைக்கிற பாதிக்கு உள்ளே. எனக்கு வாரத் தெரியாது. ஈர்க்கைக் கிழித்து எடுத்து, ஓலையை ஒரே அகலத்தில் கீறிக்கொண்டு போகவேண்டும். அகலம் மாறினால் பெட்டி கோணிவிடும். காய்ந்த ஓலை உடையும், ஆகவே ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பதமாக்கவேண்டும். கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். சாயம் போட்டு அவித்த ஓலை, வெள்ளை ஓலையைவிடக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். முதல் நாள் நான் வாரிய அத்தனையையும் சித்தி ஒரு பக்கமாகத் தள்ளிவைத்தார். "அடுப்பு மூட்ட உதவும்."

அங்கேதான் கதை தொடங்கியது. கண் ஓலையில் இருக்கும், கை ஓடிக்கொண்டிருக்கும், வாய் தன்பாட்டில் திறக்கும். அடி தொடங்கித் தருவியா என்று கேட்கிற குரலிலேயே ஒருத்தி, தான் பிள்ளையின் உண்டியலை உடைத்ததைச் சொன்னாள். ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்த மூலையை இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார், அவ்வளவுதான். அந்த ஏழு பேரில் சிலர் பிள்ளைகளோடுதான் வரவேண்டியிருந்தது, விட்டுவிட்டு வர வீட்டில் ஆளில்லை. மிஞ்சிய ஓலையில் கிலுகிலுப்பை செய்து கொடுத்தால் பிள்ளைகள் அரைமணித்தியாலம் இருப்பார்கள். இவ்வளவும் எந்தத் திட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

எல்லாரும் இழைத்தார்கள் என்றில்லை. ஐஸிலிருந்து வெளியே வந்த ஒரு இளம்பிள்ளை இருந்தாள், என்னைவிட இரண்டு வயது குறைவு. அவளால் ஒரு இடத்தில் இருக்க முடியாது. ஓலையைப் பிடித்தால் ரெண்டு நிமிசத்தில் எறிந்துவிடுவாள். அவளுடைய கதையை நான் எழுதப்போவதில்லை, அது என்னுடையதில்லை. ஒருநாள் பையிலிருந்து மெஹந்திக் கூம்பு ஒன்றை எடுத்துச் சித்தியின் கையைக் கேட்டாள். சித்தி தயங்கினார். தாலி இல்லாத கைக்கு மருதாணியா என்று நினைத்திருப்பார். பிறகு நீட்டினார். அந்தப் பெட்டை சித்தியின் உள்ளங்கையைத் தன் மடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் ஒரே இடத்தில் இருந்து கீறினாள். நடுங்குகிற கை, ஆகவே மற்றக் கையால் மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தாள். வரும் வழியில் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து சித்தி சொன்னார், "என்ர கையை ஆரும் பிடிச்சு எவ்வளவு காலம்."

குடிவெறி வருகிற நேரம் சித்திக்கு விளக்கு வைக்கிற நேரம். ஆறு மணியிலிருந்து ஏழு மணி. அந்த ஆசை அலைபோல எழும்பி, உச்சிக்குப் போய், ஆரும் ஒன்றும் கொடுக்காவிட்டாலும் தானாகவே இறங்கும், பெரும்பாலும் அரைமணித்தியாலத்துக்குள் என்று மிஸ் சொல்லியிருந்தார். அலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அலையில் சறுக்கி விளையாடுவதோடு ஒப்பிட்டுச் சொன்னவர். அலையை அடித்து நிறுத்தத் தேவையில்லை, மேலே நின்றால் போதும், அது கரைக்கு வந்து முடியும் என்பது அவருடைய விளக்கம். எங்கட ஊரில் கடலில் சறுக்குகிறவர்கள் ஒருத்தரும் இல்லை. சித்தி அதை ஓலையில் அளந்தார். ஆறு மணிக்கு முற்றத்துக் குந்தில் இருந்து இழைக்கத் தொடங்குவார். ஆசை இறங்குகிற நேரம் எத்தனை சுற்று வந்திருக்கிறது என்று எண்ணுவார். "இண்டைக்குப் பதினொரு சுற்று" என்றால் அது கெட்ட நாள். "இண்டைக்கு ஏழு" என்றால் பரவாயில்லை. ஒருநாள் மூன்று என்று சொல்லிவிட்டு, தானே நம்பாமல் திரும்ப எண்ணினார். சமையலும் கை வேலைதானே, அதைச் செய்யலாமே என்று நான் கேட்டிருக்கிறேன். சமையல் மற்றவைக்கு என்றார். தவிர, குசினிக்குள்தான் அவர் குடித்தது.

இந்த இடத்தில் நான் ஒரு விசயத்தைக் கொஞ்சம் கோபத்தோடு சொல்லவேண்டும். எங்கட நாட்டில் கஷ்டப்பட்ட பெண் என்று ஒருத்தியைக் கண்டால் உடனே ஒரு தையல் மெசின் கொடுத்துப் படம் எடுப்போம். புருசன் இல்லையா, தையல் மெசின். வீடு இல்லையா, தையல் மெசின். போதையிலிருந்து வந்தவளா, அவளுக்கும். அவளுக்குத் தைக்க விருப்பமா என்று கேட்கிற வழக்கமில்லை. ஆறுதலுக்கான வேலைக்கும் வருமானத்துக்கான வேலைக்கும் நடுவில் ஒரு வேலி இருக்கிறது என்பதும் தெரிவதில்லை.

தெரியாதவர்களில் முதல் ஆள் நான்தான். சித்தி சொன்ன பிழை இதுதான்.

பெட்டிகள் வடிவாக வந்தன. நான் படம் எடுத்து முகநூலில் போட்டேன். சித்தியின் பேரைப் போடவில்லை, ஆனால் "மீண்டெழுந்த கைகளின் படைப்பு" என்றொரு வரி எழுதினேன். அதை எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது. இருநூறு பேர் இதயம் போட்டார்கள். ஒரு சாமத்திய வீட்டுக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்க 75 சின்னப் பெட்டி கேட்டார்கள், ஒன்று 200 ரூபாய், இரண்டு கிழமை தவணை. நான் ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் சித்தியிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. அவர் எதையும் மறுத்துப் பழகாதவர், அது எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் கிழமை விடியப்புறம் வரை இழைத்தார். சனிக்கிழமைக் குழுவுக்குப் போகவில்லை, நேரமில்லை. ஆறு மணிக்குச் சுற்று எண்ணுவது நின்றுபோனது, இப்போது பெட்டியைத்தான் எண்ணினார், எத்தனை மிச்சம் என்று. கொடுக்கப்போன இடத்தில் மூடி இறுக்கமாக இல்லை என்று குறை சொல்லி 12,000 ரூபாய்தான் தந்தார்கள். அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு வந்தார். கனகாலத்துக்குப் பிறகு அவர் கையில் அவருடைய சொந்தக் காசு. ஒழுங்கையால் போகிற பெடியன் இன்னமும் ஒழுங்கையால்தான் போய்க்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள்தான் நான் போனேன். முற்றத்துக் குந்தில் ஈரத்துணிக்குள் மிஞ்சிய ஓலை பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. சித்தி உள்ளே. நான் மிஸ்ஸுக்கு அழைத்தேன், அழுதுகொண்டே அந்த முகநூல் வரியையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "முதல்ல வாட்டுக்குக் கொண்டுவாங்கோ. நிப்பாட்டுறதை வீட்டில செய்யவேண்டாம். மிச்சம் பிறகு" என்றார்.

பிறகு இணையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் ஒரு இடத்தைப் பற்றி வாசித்தேன். பெக்கா ஸ்டீவன்ஸ் என்ற மதகுரு 1997இல் தெருவிலும் சிறையிலும் போதையிலும் இருந்து வந்த 5 பெண்களுக்கு ஒரு வீட்டைத் திறந்தார். இரண்டு வருடம் காசில்லாமல் இருக்கலாம். 2001இல்தான் அந்தப் பெண்கள் மெழுகுதிரியும் உடம்புக்குப் பூசுகிற எண்ணெயும் செய்து விற்கிற திஸில் ஃபார்ம்ஸ் தொடங்கியது. இன்றைக்கு அது பெரிய நிறுவனம், எல்லாரும் மெழுகுதிரியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் அந்த இரண்டு ஆண்டுகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாலு வருட இடைவெளி. நான் சித்திக்கு நாலு மாதம் கொடுக்கவில்லை.

அந்தப் பதிவை அழித்துவிட்டேன். சித்தி வாட்டிலிருந்து வந்து மூன்று கிழமை ஓலையைத் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை தானாகவே, "ஸ்கூட்டியில பெற்றோல் இருக்கோ?" என்றார். முன்பள்ளியில் அவருடைய குட்டிக் கதிரையில் வேறு ஆரோ புதிதாக வந்து இருந்தார், கை நடுங்கிக்கொண்டு. சித்தி பாயைப் போட்டு நிலத்தில் இருந்து, அந்த ஆளுக்கு அடி தொடங்கிக் கொடுத்தார்.

இப்போது எட்டு மாதம். ஆரும் பெட்டி கேட்டால் சித்தியே பதில் சொல்கிறார். பெரும்பாலும் ஏலாது என்கிறார், அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோசம் இருப்பதாக எனக்குப் படுகிறது. எப்போதாவது ஓம் என்றால் தவணை சொல்லமாட்டார். காசை நேரே வங்கிக்குப் போடச் சொல்கிறார். கெட்ட நாட்கள் இருக்கின்றன. போன மாதம் ஒருநாள் பத்தொன்பது சுற்று.

மூன்று நாளைக்கு முதல் ஒரு நீத்துப்பெட்டி இழைத்து என்னிடம் தந்தார். கூம்பு வடிவம் என்றபடியால் அதற்குக் கைப்பழக்கம் கூட வேண்டும். ஆருக்கு என்று சொல்லவில்லை. நான் கொண்டுபோய் எங்கட குசினி மேசையில் வைத்தேன். அம்மா அதை எடுத்துப் பார்க்கவுமில்லை, எங்கே இருந்து வந்தது என்று கேட்கவுமில்லை. இரண்டு நாள் அங்கேயே இருந்தது.

இன்றைக்குக் காலமை எழும்பி வந்தால் அடுப்பில் பானை, பானை வாயில் அந்த நீத்துப்பெட்டி, ஆவி பறக்கிறது. அம்மா பிட்டைக் கொட்டிவிட்டு, வெறும்பெட்டியை வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கூர்ப்பக்கம் கொஞ்சம் இளகிக் கிடக்கு" என்றார், என்னைப் பார்க்காமல். "அடுத்ததை இறுக்கி இழைக்கச் சொல்லு."